மனதைக் கல்லாக்காமல் வேலை பார்ப்பது: ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

தீவிர சிகிச்சைப் பிரிவிலோ புற்றுநோய் வார்டிலோ புதிதாகச் சேரும் செவிலியருக்கு மூத்தவர்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "மனதைக் கல்லாக்கிக்கொள்ளம்மா. ஒவ்வொரு நோயாளிக்கும் அழுதுகொண்டிருந்தால் இந்த வேலையில் தாக்குப்பிடிக்க முடியாது." அக்கறையோடு சொல்லப்படுவதுதான். சொல்கிறவரும் அப்படித்தான் தன் காலத்தைக் கடத்தியிருப்பார். ஆனால் பணிச்சோர்வை அளப்பவர்களின் கணக்கில், கல்லான மனம் தடுப்பு மருந்தாக வராது. நோயின் அறிகுறியாகத்தான் வரும்.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981-இல் வெளியிட்ட வினாப்பட்டியல்தான் இன்றும் இத்துறையில் அதிகம் பயன்படுவது. அது மூன்றைத் தேடுகிறது. உணர்வெல்லாம் வற்றிப்போய், காலையில் எழும்போதே களைத்திருப்பது ஒன்று. நோயாளியை ஓர் ஆளாகப் பார்க்காமல் 'கேஸ்' ஆகப் பார்க்கத் தொடங்குவது இரண்டாவது. என்ன செய்து என்ன பயன் என்று தோன்றிவிடுவது மூன்றாவது. மனதைக் கல்லாக்கிக்கொள் என்ற அறிவுரை, முதலாவதைத் தவிர்க்க இரண்டாவதைச் சிபாரிசு செய்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பும் ஏறக்குறைய இதே மூன்றையே சொல்கிறது. அதில் கவனிக்க வேண்டியது, பணிச்சோர்வை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட நெருக்கடியின் விளைவு என்கிறது. அப்படியானால் சிகிச்சை தேவைப்படுவது பணியிடத்துக்கு. இதை ஒப்புக்கொள்ளும் நிர்வாகங்கள்கூடக் கடைசியில் ஊழியர்களுக்கு ஒரு நாள் யோகா வகுப்பு நடத்திவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன என்பது வேறு கதை.

பணியிடத்துக்கே சிகிச்சை செய்ய முயன்ற ஒரு முறையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்ற இரண்டுக்கும் தடயங்கள் இருக்கின்றன.

ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கியது

கென்னத் ஷ்வார்ட்ஸ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவத் துறை சார்ந்த வழக்கறிஞர். 1994 நவம்பரில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பது தெரியவந்தது. வயது 40. புகைப்பழக்கம் இல்லாதவர். வீட்டில் இரண்டு வயது மகன். மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். தன் அனுபவத்தை 1995 ஜூலையில் பாஸ்டன் குளோப் நாளிதழின் வார இணைப்பில் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

அந்தக் கட்டுரையில் ஒரு சிறு நிகழ்வு வருகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்காக ஒரு செவிலியர் முன் அமர்கிறார். பரபரப்பான நாள். செவிலியர் கறாராக, நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவர் போலக் கேள்விகளை அடுக்குகிறார். நுரையீரல் புற்றுநோய் என்ற பதிலும், வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது என்ற பேச்சும் வந்ததும் அவருடைய முகம் மாறுகிறது. குழந்தையின் பெயரைக் கேட்கிறார். பென் என்கிறார் ஷ்வார்ட்ஸ். தன் சகோதர வழிப் பிள்ளைக்கும் அதே பெயர்தான் என்று சொல்லும் செவிலியர், பேச்சு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அறுவைச் சிகிச்சை நடக்கும் தளத்தில் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் மறுநாள் தேடிவந்து, உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்குமுன் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போகிறார்.

வழக்கமாக இந்தக் கதையை நோயாளியின் பக்கத்திலிருந்து சொல்லி, பரிவின் மேன்மையைப் பேசி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தச் செவிலியர் முதல் இரண்டு நிமிடம் இருந்த விதம்தான் முக்கியமாகப் படுகிறது. அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர் என்பது மூன்றாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்தக் கறார்தனம், வரிசையில் அடுத்தடுத்து வந்து உட்காரும் நோயாளிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவர் போட்டிருந்த வேலி. வேலியைத் தாண்டி வந்ததற்கான விலையை, மறுநாளும் அதற்கு மறுநாளும், அவர் யாரிடம் போய் இறக்கிவைத்திருப்பார்? கட்டுரை இதைச் சொல்லவில்லை. ஆனால் ஷ்வார்ட்ஸ் இந்தத் திசையில் யோசித்திருக்கிறார். செலவைக் குறைப்பதே குறியாகிவிட்ட மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட தருணங்கள் தப்பிப்பிழைக்குமா என்ற கவலை அவருக்கு இருந்தது. இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, பராமரிப்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இடையிலான உறவைப் பேணுவதற்காக ஒரு மையத்தை நிறுவ ஏற்பாடு செய்தார்.

வேலி போட்டால் என்ன ஆகும்

அந்த வேலியை ஒரு முழு மருத்துவமனையே சேர்ந்து கட்டினால் என்ன ஆகும் என்பதை இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960-லேயே எழுதிவிட்டார். லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனை, மாணவச் செவிலியர்களை எந்த வார்டுக்கு எப்போது அனுப்புவது என்ற நிர்வாகச் சிக்கலுக்காகத்தான் மனித உறவுகளை ஆராயும் டாவிஸ்டாக் நிறுவனத்தாரை அழைத்தது. அவர்கள் கண்டதோ வேறு. ஒரே செவிலியர் சில நோயாளிகளை முழுமையாகப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. ஒருவர் எல்லோருக்கும் வெப்பநிலை பார்ப்பார், இன்னொருவர் எல்லோருக்கும் படுக்கை விரிப்பார். நோயாளிக்குப் பெயர் கிடையாது. 'பத்தாம் படுக்கைக் கல்லீரல்' என்பதுதான் அடையாளம். ஒரு முடிவெடுக்க நாலு பேரிடம் கேட்க வேண்டும். கெட்டது நடந்தால் பொறுப்பு யார் தலையிலும் முழுதாக விழாது. மரணத்தின் அருகில் வேலை செய்யும் பதற்றத்தைத் தாங்க அந்த நிறுவனம் தன்னையறியாமல் கட்டிக்கொண்ட அரண் இது என்றார் மென்சீஸ்.

பதற்றம் குறைந்ததா என்றால், இல்லை. மாணவச் செவிலியர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினார்கள். விலகியவர்களில் நல்ல மாணவிகளும் கணிசமாக இருந்தார்கள். நோயாளியிடம் நெருங்க விடாத அமைப்பு, நெருக்கத்தால் வரும் வலியைக் குறைத்திருக்கலாம். அதோடு இந்த வேலையில் கிடைக்கும் ஒரே நிறைவையும் பறித்துக்கொண்டது.

அந்த ஒரு மணி நேரம்

ஷ்வார்ட்ஸ் மையம் 1997-இல் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாட்டின் பெயர் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ். ரவுண்ட்ஸ் என்றதும் பெரிய டாக்டர் முன்னே நடக்க, கோப்புகளோடு பரிவாரம் பின்தொடரும் காட்சி நினைவுக்கு வரும். இது அதற்கு நேர்மாறு.

பொதுவாக மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள்ளேயே நடக்கும். முதலில் சாப்பாடு. சாப்பாட்டை உபசாரமாக நினைத்துவிடக் கூடாது. மதிய உணவு இடைவேளையை விட்டுக்கொடுத்து வருகிறவர்கள் பசியோடு உட்காரக் கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது. மூன்று நான்கு பேர் முன்னால் அமர்ந்து, ஆளுக்கு ஐந்து நிமிடம்போல, ஒரு நோயாளியைப் பற்றியோ ஒரு நாளைப் பற்றியோ பேசுவார்கள். மறக்க முடியாத நோயாளி, கைமீறிப்போன நாள் என்பதுபோல ஒரு பொருள் கொடுக்கப்பட்டிருக்கும். என்ன மருந்து கொடுத்தோம், ஏன் பலிக்கவில்லை என்பதெல்லாம் பேச்சில் வராது. அப்போது எனக்கு எப்படி இருந்தது என்பது மட்டும். பிறகு பேச்சு அரங்கத்துக்குப் போகும். டாக்டர், செவிலியர், உடலியக்கச் சிகிச்சையாளர், வரவேற்பில் இருப்பவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், கணக்குப் பிரிவு ஊழியர் என யாரும் வரலாம், யாரும் பேசலாம்.

நடத்துபவருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: யாருடைய பிரச்சினைக்கும் தீர்வு சொல்லிவிடக் கூடாது. மருத்துவமனை ஆட்களுக்கு இதைவிடக் கடினமான விதி இருக்க முடியாது. ஒருவர் தவிப்பைச் சொன்னால், அடுத்தவர் "நீங்கள் இப்படிச் செய்திருக்கலாமே" என்று தொடங்குவது தொழில் பழக்கம். அந்தப் பழக்கம் தலைகாட்டும்போதெல்லாம் நடத்துபவர் மெல்லப் பேச்சைத் திருப்ப வேண்டும். முன்னால் பேசப் போகிறவர்களைச் சில நாட்கள் முன்பே தனியாகச் சந்தித்து, எதைச் சொல்வது, எதை வெளியே விட்டுவிடுவது என்று தயார்படுத்துவதும் அவர் வேலைதான். இந்தத் தயாரிப்பு இல்லாமல் மேடையேற்றினால், ஆறாத புண்ணைச் சபை நடுவே கிளறியதாகிவிடும்.

நோயாளியின் அடையாளம் மறைக்கப்படும். நடந்ததைப் பற்றிக் குறிப்பேடு கிடையாது. பேசப்பட்ட கதை அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. குறிப்பு எழுதாததற்குப் பலமான காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டாக்டர் லோர்னா பிரீன், கொரோனாவின் முதல் அலையில் தானும் தொற்றுக்குள்ளாகி, மீண்டு, உடனே பணிக்குத் திரும்பி, முழுவதுமாக நொறுங்கிப்போனார். 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநலச் சிகிச்சை பெற்றது வெளியே தெரிந்தால் மருத்துவ உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக அவர் பெயரில் ஒரு சட்டம் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் நிறைவேறியது. உரிம விண்ணப்பங்களில் பழைய மனநலச் சிகிச்சை பற்றித் துருவும் கேள்விகளை நீக்க வைக்கும் வேலையை அவருடைய குடும்பத்தினர் தொடங்கிய அறக்கட்டளை செய்துவருகிறது. பேசினால் பேச்சு கோப்பில் ஏறும் என்ற பயம் உள்ள இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் நடந்த சோதனை

இந்த முறை 2009-இல் இங்கிலாந்துக்கு வந்தது. கிங்ஸ் ஃபண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் முன்முயற்சியில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலும் குளோஸ்டர்ஷயர் பகுதி மருத்துவமனையிலும் வெள்ளோட்டம் பார்த்தார்கள். அது நாடு முழுக்கப் பரவியதற்குப் பின்னால் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் குளிப்பாட்டப்படாமல், உணவு ஊட்டப்படாமல், தாகத்தோடு கிடந்த அவலத்தை ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013 பிப்ரவரியில் முழுமையாக வெளிக்கொண்டுவந்தது. 290 பரிந்துரைகள். ஊழியர்களிடம் பரிவு வற்றிப்போனது ஏன் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அரசு எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸைப் பரப்ப நிதி கொடுத்தது.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்டாஃபோர்டில் நடந்தது பரிவின் வறட்சி மட்டுமல்ல. பணத்தை மிச்சப்படுத்த நிர்வாகம் பணியிடங்களை வெட்டியது. ஆள் இல்லாத வார்டில் எஞ்சியிருந்தவர்கள் மரத்துப்போனார்கள். அதற்கு விடையாக மாதம் ஒரு மணி நேரப் பேச்சை வைத்தால், பசித்தவனுக்குச் சமையல் குறிப்பு கொடுத்த கதையாகிவிடும். பணியிடங்களை நிரப்புவதும் விசாரணைக்குப் பிறகு விவாதமானது என்பது உண்மைதான். ஆனால் மலிவான பரிந்துரைதான் எப்போதும் முதலில் நிறைவேறும்.

செவிலியத் துறை ஆய்வாளர் ஜில் மேபன் தலைமையிலான குழு ரவுண்ட்ஸை நாடு தழுவிய அளவில் ஆராய்ந்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. எட்டு மாத இடைவெளியில் ஊழியர்களிடம் இரண்டு முறை கருத்துக் கேட்டார்கள். மனநலத்தை அளக்க 12 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் பயன்பட்டது. ரவுண்ட்ஸுக்குத் தவறாமல் வந்தவர்களில், கவலைப்படும்படியான மனநிலையில் இருந்தவர்கள் தொடக்கத்தில் 25 சதவீதம். எட்டு மாதம் கழித்து 12 சதவீதம். வராதவர்களில் அது 37 சதவீதத்திலிருந்து 34 ஆனது. வேலையில் உள்ள ஈடுபாட்டை அளந்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

பாதியாகக் குறைந்தது என்ற செய்தி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்குக் கண்ணை உறுத்துவது தொடக்கத்திலேயே நின்ற அந்த 37. ரவுண்ட்ஸுக்கு வராதவர்கள், எதுவும் தொடங்குவதற்கு முன்பே வந்தவர்களைவிட மோசமான நிலையில் இருந்திருக்கிறார்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட குழுக்கள் அல்ல இவை. வர முடிந்தவர்கள் வந்தார்கள், வர முடியாதவர்கள் வரவில்லை. எனவே இந்த வேறுபாடு முழுவதையும் ரவுண்ட்ஸின் கணக்கில் எழுதிவிட முடியாது. இருந்தாலும் 25, 12 ஆகக் குறைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஏன் பலித்தது என்பதற்கு அந்த ஆய்வே நம்பத்தக்க விளக்கம் தருகிறது: மூத்த டாக்டர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் "அந்தக் குழந்தை இறந்த இரவு நான் வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை" என்ற மாதிரி ஒன்றைச் சொல்லும்போது, பின் வரிசையில் இருக்கும் இளம் செவிலியருக்குத் தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைகிறது. பணிச்சோர்வின் கணிசமான பகுதி இந்தத் தனிமைதான்.

யார் வரவில்லை என்பதற்கும் ஆய்வில் விடை இருக்கிறது: வார்டை விட்டு நகர முடியாத ஊழியர்கள். அலுவலகத்தில் இருப்பவரும் வெளிநோயாளிப் பிரிவில் இருப்பவரும் நேரத்தை ஒதுக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு சிரிஞ்ச் பம்ப் ஒலிக்கும், இன்னொரு படுக்கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும், மூன்றாவது நோயாளியின் மகள் கேள்வி கேட்டபடி நிற்பார். அந்த நேரத்தில் செவிலியர் எப்படி அரங்கத்துக்கு நடந்துபோவார்? மிகத் தேவையானவருக்கு மிகக் கடைசியில் கிடைப்பது என்பதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை.

எண்ணிக்கை என்ற அடித்தளம்

செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பார்த்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அவருக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு 23 சதவீதம் ஏறியது. அதே ஒரு நோயாளிக்காக, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதற்குக் கலிபோர்னியா அதற்கு முன்பே சட்டம் போட்டிருந்தது. 1999-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பொது வார்டில் 2005 முதல் ஐந்து. கலிபோர்னியாவை இந்தச் சட்டம் இல்லாத நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களோடு ஒப்பிட்டு எய்க்கன் 2010-இல் வெளியிட்டபோது, கலிபோர்னியாச் செவிலியர்களிடம் பணிச்சோர்வு குறைவாக இருந்தது.

இந்த எண்களையும் மேபன் ஆய்வின் எண்களையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டைபோட வைப்பது வீண். ஆள் போதுமான அளவு இருந்தாலும், நாள்தோறும் சாகிறவர்களோடு இருக்கும் வேலையின் பாரம் தீராது. அதற்குப் பேச இடம் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சு இடத்துக்கு வரவே ஆள் இருக்காது.

வார்டிலேயே ஒரு நிமிடம்

வார்டை விட்டு நகர வேண்டியதே இல்லாத ஒரு வழக்கமும் உண்டு. வர்ஜீனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஜோனத்தன் பார்டெல்ஸ் தொடங்கியது. ஒரு நோயாளியைக் காப்பாற்ற எல்லோரும் போராடித் தோற்ற பிறகு, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆளுக்கொரு திசையில் கலைந்துபோவதே வழக்கம். ஒரு முறை, கலைந்துபோக இருந்தவர்களை மருத்துவமனைச் சமயப் பணியாளர் ஒருவர் நிறுத்தி, இறந்தவருக்காகப் பிரார்த்தனை செய்ததை பார்டெல்ஸ் பார்த்தார். பின்னர் அதைச் சமயச் சார்பில்லாமல் மாற்றிக்கொண்டார். இவர் சற்று முன்பு வரை உயிரோடு இருந்தவர், யாரையோ நேசித்தவர், யாராலோ நேசிக்கப்பட்டவர். இவருக்காக நாமும் பாடுபட்டோம் என்ற பொருளில் இரண்டு வரி சொல்லிவிட்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அனைவரும் மௌனமாக நிற்பார்கள். பிறகு அடுத்த நோயாளி. உடன் நிற்க யாருக்கும் கட்டாயமில்லை. செலவு எதுவும் இல்லை என்பதால் இது பல நாடுகளுக்குப் பரவியது. இதனால் பணிச்சோர்வு குறையும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வலுவான சான்றைப் பார்த்ததில்லை. ஆனால் பத்தாம் படுக்கைக் கல்லீரலுக்கு ஒரு பெயரையும் குடும்பத்தையும் திருப்பிக் கொடுக்கும் வேலையை அது செய்கிறது.

நம் மருத்துவமனைகளில்

தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் ரவுண்ட்ஸ் நடத்தினால் முதல் இடர் நாற்காலி வரிசையில் வரும். முன்வரிசையில் டீன், அடுத்த வரிசையில் துறைத் தலைவர்கள், ஓரமாக நிற்கும் செவிலியர்கள், உள்ளே அழைக்கவே படாத துப்புரவுப் பணியாளர்கள். மரணத்தைப் பற்றிக் கூடிப் பேசும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை; மகப்பேறு மரணத் தணிக்கைக் கூட்டம் இருக்கிறது. அதன் வேலை வேறு. எங்கே தவறு நடந்தது என்று தேடியாக வேண்டிய கூட்டம் அது; பதில் சொல்ல வேண்டியவர் வியர்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கூட்டத்தின் நிழல் ரவுண்ட்ஸின்மேல் விழுந்தால் ஒருவரும் உண்மை பேச மாட்டார். ஆகவே இரண்டையும் ஒரே அறையில், ஒரே தலைமையில் நடத்தாமல் இருப்பது நல்லது. முதலில் பேசுபவர் அந்த மருத்துவமனையிலேயே மூத்த மருத்துவராக இருக்க வேண்டும் என்பதை நான் விதியாகவே வைப்பேன். அவர் தன் பலவீனத்தைச் சொல்லாதவரை, ஒப்பந்தச் செவிலியர் தன்னுடையதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கொரோனா காலத்தில் அரங்கத்தில் கூட முடியாமல் போனபோது, இங்கிலாந்தில் இதை 45 நிமிட இணையவழிக் கூடலாகச் சுருக்கி, ஒரே பிரிவில் வேலை செய்யும் சிறு குழுவுக்குள்ளேயே நடத்தினார்கள். பெரிய அரங்கத்தின் பன்முகம் அதில் கிடைக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவு ஊழியர்களுக்கு அதுவே எளிதாக எட்டும் வடிவம் என்று நினைக்கிறேன். எந்த வடிவமானாலும் வேலை தொடங்குவது டியூட்டி பட்டியலில். பேச்சுக்குக் குறித்த தேதியில், அந்த நேரத்துக்கு எந்த வார்டிலிருந்து யார் வருவார், அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பார் என்று நர்சிங் கண்காணிப்பாளர் பெயர் போட்டு எழுதவேண்டும். மாற்று ஆளுக்கான சம்பளத்தை நிர்வாகம் ஒதுக்கவேண்டும். இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்கின, இதற்கு ஒதுக்கவில்லை.